துவரங்குறிச்சி தாண்டினால் குளிர் நின்றுவிடுகிறது: கார் ஏசி பற்றி ஒரு கேள்வி

14 ஏப்ரல் 2024, காலை

2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். 1 லிட்டர் எஞ்சின், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திருச்சிக்குள் ஓட்டும்போது ஏசியில் ஒரு குறையும் இல்லை. மதுரைக்குக் கிளம்பினால் விராலிமலை வரை ஜில்லென்று வருகிறது. துவரங்குறிச்சி தாண்டியதும் குளிர் போய்விடுகிறது, வெளியே என்ன காற்றோ அதேதான் உள்ளேயும். போன ஞாயிறு ஒரு தடவை, நேற்று ஒரு தடவை. இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே இடம். மதுரையில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு மறுபடி எடுத்தால் பழையபடி குளிர்கிறது.

கேஸ் குறைந்திருந்தால் கிளம்பும்போதே குளிராதே? முக்கால் மணி நேரம் நன்றாக வேலை செய்துவிட்டு ஏன் நிற்கிறது? அம்மாவுக்கு 71 வயது, வெயிலில் மூச்சு வாங்கும். அடுத்த ஞாயிறு மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

14 ஏப்ரல், இரவு

காலையில் விட்டுப்போனவை. குளிர் நின்றாலும் காற்றின் வேகம் குறையவில்லை. புளோயர் 4இல் இருந்தது, முகத்தில் அடிக்கிற அளவுக்குக் காற்று வந்தது. உள்காற்றே சுற்றுகிற மாதிரிதான் வைத்திருந்தேன். ஏசி பொத்தானின் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. எஞ்சின் சூட்டு முள் நடுவிலேயே நின்றது, ஏறவில்லை.

16 ஏப்ரல்

தில்லைநகர் பக்கம் ஒரு ஏசி கடைக்குப் போனேன். பானெட்டைத் திறந்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார். "சார், கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திட்டா ஐஸ் மாதிரி ஆயிடும்" என்றார். அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினார், சிலிண்டரைத் திறந்தார், கொஞ்ச நேரத்தில் மூடினார். 1,800 ரூபாய். கடை வாசலில் கால் மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தோம், நன்றாகவே குளிர்ந்தது. முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

21 ஏப்ரல், இரவு

முடியவில்லை. இன்று திருக்கல்யாணத்துக்குப் போகும்போது அதே துவரங்குறிச்சி, அதே கதை. ஜன்னலைத் திறந்தால் அனல். அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேலூர் வரை ஒன்றும் பேசாமல் வந்தார். மாசி வீதிக் கூட்டத்தில்கூட அவ்வளவு களைக்கவில்லை, காருக்குள்தான் களைத்துப் போனார். எனக்கு மனசே கேட்கவில்லை.

பெட்ரோல் மாதிரி கேஸ் தீர்ந்துபோகும், வருஷா வருஷம் ஏற்ற வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கடைக்காரர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது மூடிய சுற்று. கம்ப்ரஸர் அழுத்தும், முன்னால் ரேடியேட்டரோடு இருக்கும் கண்டென்ஸரில் சூட்டை விட்டு கேஸ் திரவமாகும், எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகச் சீறிப் பாய்ந்து டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகும். கொதிப்பதற்கு வேண்டிய சூட்டை நம் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதுதான் குளிர். சுற்றி வருவது அதே கேஸ்தான், செலவே ஆகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

22 ஏப்ரல்

செலவே ஆகாது என்று நேற்றிரவு கோபத்தில் எழுதிவிட்டேன். குளிர்பதன வேலை தெரிந்த ஒரு நண்பர் திருத்தினார். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸரின் முன்பக்க சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸ் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். ஏழெட்டு வருஷத்தில் குளிர் மந்தமாகிற அளவுக்குக் குறையலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 16ஆம் தேதி ஏற்றியது 21ஆம் தேதிக்குள் காலியாகிவிட்டு, மதுரையில் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி நிரம்பாது. என் வண்டியின் கோளாறு கேஸ் இல்லை என்பதில் மாற்றமில்லை.

24 ஏப்ரல்

மச்சானின் நண்பர் ஒருவர் கேஜ் செட் கொடுத்தார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் காலை 6 மணிக்கு மாட்டினேன். தாழ் அழுத்தம் காட்டும் நீலம், உயர் அழுத்தம் காட்டும் சிவப்பு, இரண்டு முள்ளும் 95 பிஎஸ்ஐ அருகில் நின்றன. வெளியே 30 டிகிரி. என் வண்டி ஏசியில் இருக்கும் ஆர்134ஏ கேஸுக்கு 30 டிகிரியில் அந்த அழுத்தம்தான் வர வேண்டும். ஆக, கேஸ் சரியான அளவில் இருக்கிறது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசி போட்டதும் நீல முள் 35க்கு இறங்கியது, சிவப்பு 240க்கு ஏறியது. குளிரும் வந்தது. வீட்டு வாசலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. துவரங்குறிச்சிக்குக் கேஜைத் தூக்கிக்கொண்டு போனால்தான் தெரியும் போல.

28 ஏப்ரல்

கோயம்புத்தூர் நண்பர் கண்டென்ஸர் ஃபேனைப் பார்க்கச் சொன்னார். இன்று விராலிமலை வரை வேண்டுமென்றே போய்த் திரும்பி, மறுபடி போய், ஒரு மணி நேரம் ஓட்டினேன். குளிர் நின்றதும் ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பாட்டில் தண்ணீரைக் கண்டென்ஸர் மேல் ஊற்றியும் பார்த்தேன். சூடு வெளியேறாததுதான் சிக்கல் என்றால் தண்ணீர் பட்டதும் கொஞ்சமாவது குளிர் வர வேண்டும். வரவே இல்லை. ஃபேன் மேல் பழியில்லை.

28 ஏப்ரல், இரவு

இன்னொன்று கவனித்தேன். குளிர் நின்ற பிறகு வண்டி இழுவை நன்றாக இருக்கிறது. ஏசி ஓடும்போது மூன்றாவது கியரில் திணறுகிற மேம்பாலத்தில் நாலாவதிலேயே ஏறியது. இது எதற்கு உதவும் என்று தெரியவில்லை, குறித்து வைக்கிறேன்.

1 மே

கூலிங் காயில் ஐஸ் கட்டியிருக்கும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. ரொம்ப தூரம் போனதும் நிற்பது, கொஞ்ச நேரம் விட்டால் சரியாவது, இரண்டும் ஐஸ் கட்டுவதற்கும் பொருந்தும். காயிலில் ஒரு வெப்ப உணரி செருகியிருக்கும். காயில் உறையப்போகும் நிலைக்கு வந்ததும் அது கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்ல வேண்டும். உணரி கெட்டுப்போனால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், காயில் முழுக்க ஐஸ் மூடும், காற்று நுழைய இடமிருக்காது.

ஆனால் ஐஸ் கட்டினால் முதலில் குறைவது காற்று. புளோயர் சத்தம் மட்டும் பெரிதாக இருக்கும், முகத்துக்கு ஒன்றும் வராது. வருகிற கொஞ்சக் காற்றும் ஆரம்பத்தில் குளிர்ந்தே இருக்கும். நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடும். என் வண்டியில் காற்று அப்படியே இருக்கிறது, குளிர் மட்டும் போகிறது. ஏசி சரியில்லை என்று எழுதுகிறவர்கள் காற்று குறைகிறதா, குளிர் குறைகிறதா என்பதை முதலில் பிரித்து எழுதினால் பாதி வேலை குறையும். காற்று குறைந்தால் ஏசி ஃபில்டரையும் ஐஸையும் பாருங்கள். வருஷக்கணக்கில் மாற்றாத ஃபில்டரே காற்றைப் பாதியாக்கிவிடும்.

சமையலறையில் பால் காய்ச்சும்போது வைக்கிற மாதிரி ஒரு ஊசி தெர்மாமீட்டர் வாங்கி நடு வென்ட்டில் செருகியிருக்கிறேன். இனி "ஜில்லென்று" என்று எழுதாமல் எண்ணாக எழுதலாம்.

3 மே

கம்ப்ரஸர் சுற்றுகிறதா என்று கேட்டிருந்தார் ஒரு பெரியவர். பெல்ட் சுற்றுவதைப் பார்த்துவிட்டு சுற்றுகிறது என்றுதான் பதில் எழுத இருந்தேன். பெல்ட்டும் அது ஓடும் சக்கரமான புல்லியும் எப்போதும் சுற்றும், புல்லிக்கு முன்னால் இருக்கும் தட்டு சுற்றினால்தான் கம்ப்ரஸர் வேலை செய்கிறது என்று அவரே விளக்கினார். தட்டின் விளிம்பில் வெள்ளை பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். நின்றால் பொட்டு தெரியும், சுற்றினால் வட்டமாகக் கலைந்துவிடும்.

4 மே, இரவு

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மச்சானும் நானும் மட்டும் பகல் 12 மணிக்குக் கிளம்பினோம். பார்த்ததை நிதானமாக எழுதுகிறேன்.

விராலிமலை வரை வென்ட்டில் 8 டிகிரி. கம்ப்ரஸர் தானாக நிற்கும்போது 11 வரை ஏறும், 'டக்' என்று சத்தம் கேட்கும், மறுபடி 8க்கு இறங்கும். மச்சான் மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே வந்தார். துவரங்குறிச்சி தாண்டி ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். 11 வந்தது. 'டக்' வரவில்லை. 13. 17. 22. மச்சான் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தேன். டார்ச் அடித்துக் கீழே பார்த்தால் புல்லி விர்ரென்று சுற்றுகிறது, வெள்ளைப் பொட்டு அசையாமல் அப்படியே நிற்கிறது. அதற்கு முந்தின வாரம் அதே நிலைமையில் அரை மணி நேரம் பானெட்டுக்குள் குனிந்து நின்றிருக்கிறேன், இதைப் பார்க்கவில்லை.

அந்தத் தட்டைக் காந்தத்தால் இழுத்துப் புல்லியோடு ஒட்டவைப்பது ஏசியின் மேக்னெட் கிளட்ச். அதற்குப் போகும் ஒற்றை ஒயரில் மல்டிமீட்டர் வைத்தோம். 13.7 வோல்ட். கரண்ட் வருகிறது. ரிலே, ஃப்யூஸ், பிரஷர் சுவிட்ச், உணரி எல்லாம் தம் வேலையைச் செய்துவிட்டன. வேலை செய்யாதது மேக்னெட் கிளட்ச் மட்டும். 28ஆம் தேதி ஃபேன் சுற்றியதைப் பார்த்து ஃபேன் நல்லது என்பதோடு விட்டுவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது என்றால் ஏசிக்கு உத்தரவு போயிருக்கிறது என்றும் அர்த்தம். மேம்பாலத்தில் வண்டி லேசாக ஏறியதும் இதனால்தான், கம்ப்ரஸர் சுமையே எஞ்சின் மேல் இல்லை.

எஞ்சினை அணைத்து, ஒயரைக் கழற்றி, கிளட்ச் காயிலின் மின்தடையை அளந்தேன். 4.7 ஓம். இருபது நிமிஷம் நிழலில் நின்றோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டதும் 'டக்'. பொட்டு மறைந்தது. மச்சான் கைதட்டினார்.

யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால், வேட்டி, துண்டு, தொங்கும் சட்டை எதுவும் வேண்டாம். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும். தட்டைக் குச்சியால் தட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நான் கையைக் கொண்டுபோகவில்லை, நீங்களும் போக வேண்டாம்.

5 மே

இன்று காலை அதே கிளட்ச் காயில் ஆறியிருக்கும்போது 3.6 ஓம். நேற்று சூட்டில் 4.7. செம்புக் கம்பியின் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் போலக் கூடும். கணக்குப் போட்டால் காயில் கிட்டத்தட்ட 110 டிகிரியில் இருந்திருக்கிறது. ஆறியிருக்கும்போது அதில் 3.8 ஆம்பியர் ஓடும், சூட்டில் 2.9 தான். காந்தத்தின் இழுவிசை கரண்ட்டின் இருமடியைப் பொறுத்தது. ஆக இழுவிசை 100க்கு 58 ஆகிவிடுகிறது.

அதனால் மட்டும் நின்றுவிடாது. புது கிளட்சும் அதே சூட்டில்தான் வேலை செய்கிறது. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், ஒவ்வொரு 'டக்'குக்கும் இரண்டு முகமும் துளித்துளியாகத் தேயும். பதினோரு வருஷத்தில் இடைவெளி பெரிதாகியிருக்கும். இடைவெளி இரட்டித்தால் இழுவிசை ஏறக்குறைய நாலில் ஒன்றாகும். ஆறிய காந்தம் எப்படியோ இழுத்துவிடுகிறது, சூடான காந்தத்தால் முடியவில்லை.

ஏன் ஓடிக்கொண்டிருக்கும்போது விட்டுவிடவில்லை என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒட்டிக்கொண்ட பிறகு இடைவெளியே இல்லை, பலவீனமான காந்தமும் பிடித்துக்கொள்ளும். உணரி ஒருமுறை நிறுத்தி மறுபடி ஒட்ட வேண்டிய நேரத்தில்தான் தோற்கிறது. கடை வாசலில் கால் மணி நேரம் ஓடவிட்டால் இது வெளியே வரவே வராது. 16ஆம் தேதி கேஸ் ஏற்றியதும் "சரியானது" இப்படித்தான்.

இந்த கிளட்ச் எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறது. அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி 1940 மாடல் கார்களில்தான் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்றது. அதில் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நாம் ஒரு விரலால் செய்கிற வேலை.

8 மே

வேறொரு கடையில் கேட்டேன். "கம்ப்ரஸர் போயிடுச்சு சார், மொத்தமா மாத்திடுங்க." 22,000 ரூபாய். கம்ப்ரஸர் போயிருந்தால் மதுரையில் சோறு தின்றதும் எப்படி உயிர் வரும்? கேட்டேன், பதில் இல்லை. கிளட்ச் மட்டும் தனியாகக் கிடைக்கும், அதற்கும் முன்னால் இடைவெளியைக் குறைக்க முடியும். தட்டுக்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருக்கும், ஷிம் என்பார்கள். ஒன்றை எடுத்தால் தட்டு அந்த அளவு உள்ளே போகும். கேஸைத் தொடவே வேண்டாம்.

12 மே

பாலக்கரையில் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் 3.6, 4.7 என்று எண்களைச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "சூடானா ஒட்டல, ஆறினா ஒட்டுது. அதானே தம்பி? கேப் எடுத்துரலாம்." கேப் என்றது அந்த இடைவெளியை.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, உள்பக்க பிளாஸ்டிக் மறைப்பை ஒதுக்கினார். பட்டை இரும்பில் இரண்டு ஆணி அடித்து அவரே செய்துகொண்ட ஒரு கருவியால் தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, நடு போல்ட்டை 10ஆம் நம்பர் சாக்கெட்டில் சுற்றினார். கழற்றுவதற்கு முன்னால் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை மூன்று இடத்தில் நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். 0.95 மில்லிமீட்டர் தடையில்லாமல் போனது. தட்டு கையோடு வந்தது. உள்ளே செம்மண் மாதிரி துருப்பொடி. புல்லி முகத்தில் மோதிரம் மாதிரி ஒரு நீல வளையம், வழுக்கி வழுக்கிச் சூடேறிய தடம். நடுத்தண்டில் இரண்டு ஷிம் ஒட்டிக்கொண்டிருந்தன. சுண்டுவிரலில் கிரீஸ் தொட்டு இரண்டையும் ஒற்றி எடுத்தார், கீழே விழுந்தால் தேட முடியாதாம். ஒன்று 0.5, ஒன்று 0.2. தடித்ததை என் உள்ளங்கையில் வைத்தார். மெல்லியதைத் திரும்பப் போட்டு, இரண்டு முகத்தையும் உப்புத்தாளில் தேய்த்து, மாட்டினார். இடைவெளி 0.45. புல்லியைக் கையால் சுற்றி, தட்டில் உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார்.

ஒரு மணி நேர வேலை, 600 ரூபாய்.

13 மே

பலர் 0.45 என்று குறித்துக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். அது என் கம்ப்ரஸருக்கு. 0.3 முதல் 0.6 வரை இதற்கு அனுமதி உண்டு. உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம், கம்ப்ரஸரின் எண்ணை வைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் ஏசி அணைந்திருக்கும்போதும் தட்டு உரசிக்கொண்டே இருக்கும், சூடேறி புல்லி பேரிங் போய்விடும். ஷிம்மே மிச்சமில்லாத கிளட்சை மாற்றித்தான் ஆக வேண்டும்.

19 மே

சோதிக்க முடியவில்லை. மழை. எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், நானும்தான். ஆனால் இந்தக் குளுமையில் ஓட்டிப் பார்த்து ஏசி சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்.

26 மே

வெயில் திரும்பியது. மதியம் 1 மணிக்குக் கிளம்பி மதுரை வரை நிற்காமல் போனேன். துவரங்குறிச்சி 8, 11, டக், 8. மேலூர் 8, 11, டக், 8. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியும் ஒருமுறைகூடத் தவறவில்லை. கிளட்ச் கதை முடிந்தது.

இன்னொன்று தெரிய வந்திருக்கிறது. மாட்டுத்தாவணி நெரிசலில் ஊர்ந்து போகும்போது வென்ட் 15க்கு ஏறிவிட்டது, வேகம் எடுத்ததும் இறங்கியது. ஊர்ந்தால் சூடு, ஓடினால் குளிர் என்றால் பொதுவாகக் கண்டென்ஸர் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். என் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. வீட்டுக்கு வந்து கேஜ் மாட்டினேன். 36 டிகிரியில் சிவப்பு முள் 310. இது அதிகம்.

27 மே

ஏப்ரல் 24 அன்று நான் எழுதியதில் ஒரு தவறு. எஞ்சின் ஓடாதபோது 95 பிஎஸ்ஐ இருந்ததால் கேஸ் சரியான அளவில் இருக்கிறது என்றேன். அந்த அழுத்தம் வெப்பநிலையைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் 30 டிகிரியில் அதே 95 தான் வரும். வீட்டு கேஸ் சிலிண்டரில் அழுத்தத்தை வைத்து எத்தனை நாள் வரும் என்று சொல்ல முடியாதது போல. அதனால்தான் தூக்கிப் பார்க்கிறோம். அதைப் படித்துவிட்டுத் தம் வண்டியில் கேஸ் சரியாக இருப்பதாக முடிவு செய்தவர்கள் மன்னிக்கவும்.

கேஸை எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என் வண்டிக்கு 380 கிராம் என்று போட்டிருக்கிறது.

2 ஜூன்

கேஸைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும் மெஷின் வைத்திருக்கும் ஒரு கடையைத் தேடிப் போனேன். என் வண்டியிலிருந்து வெளியே வந்தது 465 கிராம். ஏப்ரல் 16 அன்று 1,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது, தேவையே இல்லாத கேஸ். கூடுதல் கேஸ் கண்டென்ஸரில் திரவமாகத் தேங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆவி குளிர இடம் குறையும், அழுத்தம் ஏறும், கம்ப்ரஸரும் கிளட்சும் கூடுதலாகத் திணறும்.

அரை மணி நேரம் வேக்குவம் போட்டார்கள், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருந்ததை உறிஞ்சி வெற்றிடமாக்கினார்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த வெற்றிடத்தில் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். அப்புறம் பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிஷம் முள் நகர்கிறதா என்று பார்த்தார்கள். நகரவில்லை, பெரிய கசிவு இல்லை. தராசில் வைத்து 380 கிராம் ஏற்றினார்கள். சிவப்பு முள் 235இல் நின்றது.

பழைய கேஸைக் காற்றில் விட்டுவிட்டுப் புதிதாக ஏற்றித் தருகிறேன், செலவு குறையும் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஆர்134ஏ ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வெயிலைத் தாங்க முடியாமல்தானே ஏசிக்கே அலைகிறோம்.

மலிவு கேன் வாங்குவது பற்றிக் கேட்டவருக்கு: வாங்காதீர்கள். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல் சரக்கு ஏற்றும் குளிர் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் உள்ளே போயிருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற பொருளாக மாறிவிடும். நம் கார் ஏசியில் பெரும்பகுதி அலுமினியம்தான்.

9 ஜூன்

தஞ்சாவூர் அண்ணன் கேட்டது: 'டக்' சத்தம் வருகிறது, தட்டும் சுற்றுகிறது, ஃபேனும் சுற்றுகிறது, ஆனால் குளிர் அரைகுறை. அண்ணே, உங்களுடையதில்தான் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டார்ச் அடித்துக் கண்டென்ஸரையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பியிருந்தால் அங்கேதான் கசிவு. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் வெளியே வந்துவிடும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) மாற்றினாலே முடிந்துவிடலாம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் காயில் கசிந்தால்தான் பெரிய செலவு.

அதற்கும் முன்னால் ஒரு நிமிஷ வேலை: சூடு, குளிர் திருகு முழுக்க நீலப் பக்கம் போகிறதா என்று பாருங்கள். கேபிள் நழுவி ஹீட்டர் காற்று கலந்துகொண்டிருந்தால் எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் அரைகுறைதான்.

16 ஜூன்

அம்மாவோடு மதுரை போய் வந்தேன். வெளியே 39. தெர்மாமீட்டர் வென்ட்டிலேயே இருந்தது, அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு 'டக்'குக்கும் "ஒட்டிடுச்சு" என்றார். கொட்டாம்பட்டி பக்கத்தில் புளோயரைக் குறைக்கச் சொல்லிப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கழற்றிய 0.5 ஷிம்மை என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். நீங்களும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்குப் புது கிளட்ச் தட்டு வாங்கிப் போட்டால் இடைவெளியைச் சரியாக வைக்க அதே ஷிம் மறுபடி தேவைப்படும். அது தனியாகக் கடையில் லேசில் கிடைப்பதில்லை.